ஈசானியத் தகடு

என் மாப்பிள்ளை மொட்டை மாடியில் ஷெட் போடுகிறார். தஞ்சாவூரில் மாடி மேல் ஷெட் இல்லாதவன் மனிதனே இல்லை என்று ஆகிவிட்டது. போன வாரம் மூன்று பேர் வந்தார்கள். ஆளுக்கொரு மின்சாரத் துப்பாக்கி. திருகாணியை வைத்து அழுத்தினால் ஒரு டர்ர், அவ்வளவுதான், தகடு மாட்டிக்கொண்டுவிட்டது. தகடும் நீல நிறத்தில் மிட்டாய்க் காகிதம் மாதிரி பளபளக்கிறது. கூடவே ஒரு வாஸ்து நிபுணர். கைபேசியில் திசைகாட்டியைத் திறந்து நாலு பக்கமும் சுற்றிவிட்டு, வடகிழக்கு மூலையைக் காட்டி, "ஈசானியத்துலேருந்து ஆரம்பிங்க" என்றார். ஆரம்பித்துவிட்டார்கள்.

நான் நாற்காலியைவிட்டு எழுந்து, "மேக்கேருந்து போட்டுட்டு வாங்கப்பா. ஐப்பசி காத்து தகட்டோட ஓரத்த நெம்பிடும்" என்றேன்.

"அதெல்லாம் ஸ்க்ரூ புடிச்சுக்கும் பெரியவரே" என்றான் ஒருவன்.

"மாமா, நீங்க கீழ போயி டிவி பாருங்க. அவங்க இதத்தான் தொழிலா பண்றாங்க" என்றார் மாப்பிள்ளை.

முப்பது வருடத்துக்கு மேல் நான் எதைத் தொழிலாகப் பண்ணினேன் என்று மாப்பிள்ளை நினைத்துக்கொண்டிருக்கிறார், தெரியவில்லை. பென்ஷன் வாங்குகிற மாமனார் என்பது மட்டும் தெரியும். அந்தப் பென்ஷன் எந்தக் கூரையிலிருந்து வந்தது என்று வீட்டில் யாருக்கும் நான் சொன்னதில்லை. டிவி பார்ப்பதற்குப் பதிலாக அதை எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

எங்கள் அப்பா ஒரத்தநாட்டுப் பக்கம் பண்ணையாள். எங்களுடையது ஊருக்கு வெளியே இருந்த காலனித் தெரு. பண்ணைக்குப் போகமாட்டேன் என்று நான் தஞ்சாவூருக்கு வந்து, தகரக் கூரை வேலை செய்த சவரிமுத்து மேஸ்திரியிடம் சேர்ந்தேன். முதல் மூன்று வருடத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. தகடு சுமந்தேன், கையைக் கிழித்துக்கொண்டேன், திட்டு வாங்கினேன்.

மேஸ்திரியின் திட்டு சாதாரணத் திட்டு இல்லை. சத்தம் போடமாட்டார். நாம் செய்த தப்பைப் பார்த்து, "அப்படியா தொரை?" என்பார். அதற்கு ஒரு அறை வாங்கிக்கொள்ளலாம். ஓடு போடுகிறவர்கள், கீற்று வேய்கிறவர்கள், இன்ஜினியர்கள், அவர் சபையின் பாதிரியார், எல்லாரும் அவருக்குத் தொரைகள்தான். ஒருமுறை ஒரு சர்க்கார் அரிசி ஆலைக்கு வந்த ஜூனியர் இன்ஜினியர் ஜீப்பைவிட்டு இறங்காமலே கூரையை அளந்து எழுதிக்கொண்டு போனார். மேஸ்திரி ஓடிப்போய் அந்த ஜீப்பின் கதவைத் திறந்துபிடித்து, "தொரைக்கு ஏணி எதுக்கு, கண்ணுலேயே டேப்பு வச்சிருக்காரு" என்றார். அந்த ஆலைக்குப் பில் பாஸாக ஏழு மாதம் ஆயிற்று.

வேலை என்று வந்துவிட்டால் அவருக்கு நிகர் அவர்தான். நெளித்தகட்டில் மேடு இருக்கிறது, பள்ளம் இருக்கிறது. ஓட்டையை மேட்டில்தான் போட வேண்டும். மழைநீர் பள்ளத்தில் ஓடும் என்பது மாட்டுக்குக்கூடத் தெரியும். ஆனாலும் பள்ளத்தில் ஓட்டை போட்ட கூரைகளை இந்த ஜில்லா முழுக்கப் பார்த்திருக்கிறேன், அதில் பாதி சர்க்கார் கட்டடம். கைத் துரப்பணத்தால் ஓட்டை போட்டதும், உதிர்ந்த இரும்புத் தூளை உடனே துடைப்பத்தால் பெருக்கிவிட வேண்டும். விட்டால் பனியில் நனைந்து, விடியும்போது தகடு முழுக்கத் துருப்புள்ளி. அப்புறம் கொக்கி போல்ட். அது கீழேயிருந்து சட்டத்தைக் கவ்வி மேலே வரும். அதன்மேல் தார் வாஷர், அதன்மேல் தொப்பி வாஷர், பிறகு மரை. கையால் முறுக்கி நிறுத்தி, ஸ்பானரால் அரைச் சுற்று. பலத்தைக் காட்டி முழுச் சுற்று சுற்றினால் மேடு நசுங்கி, அந்த இடமே குளமாகும். "பலத்த ஊட்டுல பொண்டாட்டிகிட்டயும் காட்டாத, இங்கயும் காட்டாத" என்பார்.

கூரை முடிந்ததும் நடுப்பகலில் எல்லாக் கதவையும் சாத்திவிட்டு, உள்ளே தரையில் மல்லாக்கப் படுப்பார். இருட்டில் மேலே ஒரு ஒளிப்புள்ளி தெரிந்தாலும் போச்சு. "நச்சத்திரம் தெரியுது தொரை" என்பார். ஏறிப்போய் அடைக்க வேண்டும். அவர் முடித்துக் கொடுத்த கூரை ஒன்றிலும் நட்சத்திரம் மிஞ்சியதில்லை.

இதெல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம், எந்தப் பக்கமிருந்து ஆரம்பிப்பது என்பது. ஒரு தகட்டின் ஓரம் பக்கத்துத் தகட்டின் மேல் ஏறி உட்காரும். மேற்கிலிருந்து போட்டுக்கொண்டு வந்தால் மேலே உட்காரும் ஓரங்கள் எல்லாம் மேற்கைப் பார்க்கும். கிழக்கிலிருந்து போட்டால் கிழக்கைப் பார்க்கும். எந்தத் திசையைப் பார்க்கிறதோ அந்தத் திசைக் காற்று ஓரத்துக்கு அடியில் விரலை விட்டுத் தூக்கும். நம் கடற்கரையில் புயல் முதலில் வடக்கும் கிழக்குமாகத்தான் அடிக்கும். ஆகவே மேற்கிலிருந்து ஆரம்பித்து, காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வர வேண்டும். இதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை.

ஆனால் நம் ஜனங்கள் லேசுப்பட்டவர்களா? எந்தக் காரியமும் ஈசானிய மூலையில்தான் ஆரம்பிக்க வேண்டும். ஈசானியம் என்றால் வடகிழக்கு. புயல் எந்த மூலையில் நுழைகிறதோ அந்த மூலைக்கு மஞ்சள் தடவி, சூடம் காட்டி, முதல் தகட்டை அங்கே வைக்கச் சொல்வார்கள். மேஸ்திரி இவர்களோடு வாதம் பண்ணமாட்டார். அவர் ஒரு வழி வைத்திருந்தார்.

அந்த வழியை நான் முதலில் பார்த்தது வேதாரண்யத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில். அங்கே பெரிய பண்ணை என்று ஒரு மிராசுதார். அவருடைய நெல் கிடங்குக்குக் கூரை போடப் போயிருந்தோம். பண்ணை பட்டு வேட்டியோடு வந்து, முதல் தகட்டை ஈசானிய மூலையில் வைக்கச் சொல்லி, தேங்காய் உடைத்து, வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். அவர் தலை மறைந்ததும் மேஸ்திரி அந்தத் தகட்டை இறக்கினார். போல்ட்டைக் கையால்தான் முறுக்கியிருந்தார். இறக்கி ஓரமாகச் சாய்த்துவிட்டு, மேற்குக் கோடியிலிருந்து வேலையை ஆரம்பித்தார். பூஜை போட்ட அதே தகடு கடைசியாக ஈசானியத்தில் போய் மற்றதுகளின் மேல் உட்கார்ந்தது. சாமிக்கும் குறையில்லை, காற்றுக்கும் குறையில்லை.

பக்கத்துக் களத்தில் பெண்கள் நெல் தூற்றிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி முறத்தைத் தாழ்த்திவிட்டு, "என்ன மேஸ்திரி, போட்டத கழட்டுறீங்க?" என்று சத்தமாகக் கேட்டாள்.

"காத்து கெழக்கேருந்து வரும் தாயி. அதுக்கு முதுகத்தான் காட்டணும், வாயத் தொறந்து காட்டக் கூடாது" என்றார் மேஸ்திரி. பெண்கள் சிரித்தார்கள். நானும் மேலே நின்று சிரித்தேன்.

நாலு வருடம் கழித்து அதே ஊருக்குத் திரும்பப் போனோம். இந்தத் தடவை வேலை பண்ணைக்கு இல்லை, காலனிக்கு. அந்த நாலு வருடத்தில் அங்கே நிறைய நடந்திருந்தது. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு அறுவடையை நிறுத்தியிருந்தார்கள், பண்ணை வெளியூர் ஆளை இறக்கியிருந்தார், அடிதடி, போலீஸ், கேஸ். காலனிக்கு முன்னால் இருந்த புறம்போக்குத் திடலைத் தன் களம் என்று பண்ணை சொல்ல, எங்கள் இடம் என்று காலனி சொல்ல, ஜமாபந்திக்கு ஜமாபந்தி தாசில்தார் முன்னால் மனுவோடு ஒரு அம்மா போய் நின்றிருக்கிறார். பெயர் அஞ்சம்மாள். நடவு ஆட்களுக்குத் தலைவி மாதிரி. சர்வேயர் சங்கிலி பிடித்த அன்று வரப்பில் படுத்துக்கொண்டாராம். கடைசியில் இடம் காலனிக்குக் கிடைத்தது. அதில் சர்க்கார் ஒரு சமுதாயக் கூடம் கட்டியது. பகலில் பள்ளிக்கூடம், புயல் வந்தால் தங்கும் இடம். கூரைவீடுகளுக்கு நடுவே அந்தக் காலனிக்கென்று ஒரே ஒரு கெட்டிக் கட்டடம். புயல் அடித்தால் அத்தனை பேருக்கும் போக்கிடம் அதுதான்.

காண்ட்ராக்டர் ஆளுங்கட்சியில் ஒன்றியச் செயலாளர். ஊரில் அவரை 'ஒன்றியம்' என்றே கூப்பிடுவார்கள். கரை வேட்டி, துண்டு, வெண்கலக் குரல். மேடை ஏறினால் சாமி, பூதம், ராகுகாலம், எமகண்டம் ஒன்றையும் விடமாட்டார், கிழித்துத் தோரணம் கட்டிவிடுவார். நானே திருத்துறைப்பூண்டியில் கேட்டுக் கைதட்டியிருக்கிறேன். சேரிக்குள் வந்து எங்கள் ஆட்களோடு உட்கார்ந்து சாப்பிடவும் செய்வார். அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன்.

முகட்டுத் தகடும் தொப்பி வாஷரும் குறைந்து வந்ததால், அவற்றை வாங்க மேஸ்திரி நாகப்பட்டினம் போக வேண்டியிருந்தது. போகும்போது என்னிடம் சொன்னார்: "அந்தத் தொரை வெளியிலதான் பகுத்தறிவு. நாளைக்கு ஈசானியம்பாரு. ஒண்ணு போடு, கையால முறுக்கு. அவரு போனதும் கழட்டிட்டு மேக்கேருந்து புடி."

அவர் சொன்னபடியே ஒன்றியம் மறுநாள் காலையில் வந்தார். சுற்றிமுற்றிப் பார்த்துவிட்டு, என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "ஊட்டுல சொல்லி அனுப்புனாங்க. மொத தகட ஈசானியத்துல வச்சிரு" என்று தாழ்ந்த குரலில் சொன்னார். இந்த நாட்டில் பகுத்தறிவுக்காரர்கள் செய்கிற எல்லாச் சாஸ்திரமும் வீட்டில் சொல்லி அனுப்பியதுதான். நான் வைத்தேன். தேங்காய் உடைத்தால் நாலு பேர் பார்ப்பார்கள், உடைக்க முடியாது. வந்தது வினை அங்கேதான். பண்ணை தேங்காயை உடைத்ததோடு வீட்டுக்குப் போனார். இவரால் உடைக்க முடியாததால், மனசு ஆறவில்லை. பூஜையில்லாத குறைக்கு, வரிசை முழுக்க ஈசானியத்திலிருந்தே வர வேண்டும் என்று இரும்பு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

காலை முழுக்கத் தகட்டைத் தட்டிக்கொண்டும் நூல் பிடித்துக்கொண்டும் ஓட்டினேன். அவர் எழுந்திருக்கவில்லை. சாப்பாட்டு நேரம் வந்தது. அவருடைய தூக்குவாளி அங்கேயே வந்தது. நான் கீழே இறங்கி, "ஐயா, மேக்கேருந்து போட்டாத்தான் காத்துக்குத் தாங்கும்" என்றேன். சொன்னேன் என்பதை இங்கே எழுதிக்கொள்கிறேன். அதற்குமேல் எனக்கு ஒரு பெருமையும் கிடையாது.

"தம்பி எந்த ஊரு?" என்றார் அவர்.

சொன்னேன். தெருவையும் சொன்னேன்.

"நம்ம ஆட்சி எதுக்கு வந்துச்சு? உன்ன மாதிரி ஆளு எத்தன நாளைக்கு இன்னொருத்தனுக்குக் கீழ தகடு தூக்குறது? சர்க்கார் கட்டடப் பிரிவுல ஒரு இடம் காலியா இருக்கு. வேல தெரிஞ்ச ஆளாக் கேட்டாங்க. நான் சொன்னா ஆவும்." ஒரு வாய் சோற்றை விழுங்கிவிட்டு, "பாத்து செய்யுங்க மேஸ்திரி" என்றார்.

அதுவரை என்னை யாரும் மேஸ்திரி என்று கூப்பிட்டதில்லை. ஏணியில் ஏறினேன். ஈசானியத் தகட்டைக் கழற்றவில்லை. ஸ்பானரால் அரைச் சுற்று முறுக்கினேன், அடுத்த தகட்டை அதன்மேல் ஏற்றினேன்.

அன்று மத்தியானம் அஞ்சம்மாள் எனக்குச் சோறு கொண்டுவந்தார். வந்த முதல் நாளே நான் எந்தத் தெரு என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு, "நம்ம புள்ள" என்று எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தார். தினமும் எனக்கு மட்டும் மீன் குழம்பு வரும். அன்றைக்குத் தூக்கைக் கையில் வைத்துக்கொண்டு, அண்ணாந்து கூரையையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். ஏதோ கேட்க வந்தவர் போல இருந்தது. கேட்கவில்லை. தூக்கை ஏணிக்கடியில் வைத்துவிட்டுப் போனார்.

இரண்டாம் நாள் சாயங்காலம் மேஸ்திரி வந்தபோது ஒரு சரிவு முடிந்திருந்தது. கீழே நின்றே பார்த்துவிட்டார். "கழட்டு" என்றார்.

"திறப்பு விழாவுக்குத் தேதி குறிச்சாச்சு. நீங்களே அவர்கிட்ட சொல்லிக்குங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். 'அப்படியா தொரை' என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. ஸ்பானரை எடுத்துக்கொண்டு அவரே ஏறி மரையைக் கழற்ற ஆரம்பித்தார். யாரோ போய்ச் சொல்ல, ஒன்றியம் வந்து, வயசானவர் என்றும் பார்க்காமல் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். மேஸ்திரி தன் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். மறு சரிவையும் நானே போட்டேன். முடிந்த அன்று கதவைச் சாத்திவிட்டு மல்லாக்கப் படுத்துப் பார்த்தேன். ஒரு நட்சத்திரம்கூடத் தெரியவில்லை. அவ்வளவு சுத்தமான வேலை.

திறப்பு விழாவில் ஒன்றியம் மூடநம்பிக்கையைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். எனக்குத் துண்டு போர்த்தினார். ஐப்பசி பிறப்பதற்குள் கட்டடப் பிரிவிலிருந்து உத்தரவும் வந்தது.

அந்தக் கார்த்திகையில் புயல் வந்தது. காலையிலேயே காலனி முழுக்கக் கூடத்துக்குள் போய்விட்டார்கள். வடகிழக்கிலிருந்து அடித்த காற்று முதல் தகட்டின் மேல் ஏறியிருந்த ஓரத்தைக் கண்டுபிடிக்க ரொம்ப நேரம் ஆகவில்லை. ஒன்று பிய்ந்ததும், அதைப் பிடித்துக்கொண்டிருந்த அடுத்தது, அதற்கடுத்தது என்று வரிசையாகப் புரட்டிவிட்டது. திறந்த கூரைக்குக் கீழே இருநூறு பேர் சுவரோரம் ஒட்டிக்கொண்டு நனைந்திருக்கிறார்கள். உயிர் ஒன்றும் போகவில்லை. கதவு பிய்ந்துவிடாமல் உள்ளேயிருந்து பிடித்துக்கொண்டு நின்ற அஞ்சம்மாளின் வலது கையில் ஒரு தகடு வந்து இறங்கியது. நரம்பு போய்விட்டது. அதற்கப்புறம் அந்தக் கையால் நாற்றுப் பிடிக்கவும் முடியவில்லை, அரிவாள் பிடிக்கவும் முடியவில்லை.

அரை மைல் தள்ளி இருந்த பண்ணைக் கிடங்கில் இரண்டே தகடுதான் போயிருந்தது. அதே காற்று. விசாரணைக்கு வந்த இன்ஜினியர் கிடங்கைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், காற்றின் வேகம் அளவுக்கு மீறியதால் கூரை சேதம் என்று எழுதினார். அந்த ரிப்போர்ட்டுக்கு டேப் பிடித்தவன் நான்தான், கட்டடப் பிரிவின் புது ஊழியன். கூடம் இரண்டு வருடம் கூரையில்லாமல் நின்றது. பண்ணை ஆட்கள் அதில் மாட்டைக் கட்டினார்கள். மறு ஜமாபந்தியில் அஞ்சம்மாள் கையில் கட்டோடு மறுபடி மனு கொடுத்தாராம்.

சவரிமுத்து மேஸ்திரி என்னோடு அப்புறம் பேசவில்லை. கீழவாசலில் எதிரே வந்தால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எதிர்ப்பக்கம் போவார். அவர் அடக்கத்துக்கு நான் போனேன், பின்வரிசையில் நின்றேன். நான் முப்பது வருடம் உத்தியோகம் பார்த்தேன். எத்தனையோ கூரையை, எத்தனையோ காண்ட்ராக்டரை, பள்ளத்தில் போட்ட ஓட்டையை எல்லாம் கண்டுபிடித்துக் காறித் துப்பாத குறையாகத் திட்டினேன். கண்டிப்பான ஆள் என்று பெயர் வாங்கினேன். இப்போது மாடியில் டர்ர் என்று துப்பாக்கி சத்தம் கேட்கும்போதெல்லாம் பல்லைக் கடிக்கிறேன். ஆனால் அந்தப் பயல்களுக்குத் தெரியாது, தெரியாமல் போடுகிறார்கள். வாஸ்துக்காரருக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்திருந்தது.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு கல்யாணத்துக்கு வேதாரண்யம் போனேன். திரும்பும்போது பஸ்ஸைவிட்டு அந்த ஊரில் இறங்கினேன். அஞ்சம்மாள் இருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. தொகுப்பு வீட்டு வாசலில் உட்கார்ந்து இடது கையால் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வலது கை மடியில் கிடந்தது. விரல் இரண்டு உள்ளே மடிந்திருந்தது. என் பெயரைச் சொன்னதும் தெரிந்துகொண்டு உட்காரச் சொன்னார்.

ஒன்றியத்தின் நாற்காலி, அந்தத் தூக்குவாளி, ஒரு உத்தியோகத்துக்கும் 'மேஸ்திரி' என்ற ஒரு வார்த்தைக்குமாக நான் விட்டுக்கொடுத்தது, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். காற்று எப்படி ஓரத்தைத் தூக்கும் என்று கையை வைத்து விளக்கக்கூடச் செய்தேன். அவர் கீரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"தெரியும் தம்பி" என்றார். "பண்ணை களத்துல நெல்லு தூத்திக்கிட்டு, போட்டத ஏன் கழட்டுறீங்கன்னு கேட்டவ நாந்தானே. காத்துக்கு முதுகக் காட்டணும்னு உங்க மேஸ்திரி சொன்னத நான் மறக்கல. பண்ணைக்கு மேக்கேருந்து வந்தீங்க, எங்களுக்குக் கெழக்கேருந்து வந்த."

"அப்ப அன்னிக்குக் கீழ நின்னுக்கிட்டு ஏன்க்கா ஒரு வார்த்த கேக்கல?" என்றேன்.

"கேக்கத்தான் வந்தேன். அண்ணாந்து பாத்தேன், மேல நீ நின்ன. நம்ம புள்ள, தெரிஞ்சுதான் செய்யும்னு சோத்த வச்சிட்டுப் போயிட்டேன்."